ஆராதனையில் சத்தம் போடும் பையனும் அவன் வீட்டாரும்: ஒரு வாலிபர் சங்கச் செயலாளருக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். உங்கள் சபையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். ஆராதனையில் திடீரென்று சத்தம் போடுகிறான், பிரசங்கத்தின் நடுவே எழுந்து நடக்கிறான். இரண்டு மூன்று பேர் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் அவன் அப்பாவிடம் நேராகவே ஏதோ சொல்லியிருக்கிறார். போன மாதத்திலிருந்து அந்தக் குடும்பமே வருவதில்லை. "வேதம் என்ன சொல்கிறது, சபையாக நாங்கள் என்ன செய்யலாம், அந்த அம்மாவிடம் போய் என்ன பேசுவது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபத்தாறு வருடம் சிறப்புப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், திருநெல்வேலிப் பக்கத்துச் சபைக்காரி. வேத பண்டிதர் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களோடு உட்கார்ந்து டீ குடித்த நேரம் என் வாழ்க்கையில் நிறைய. அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே ஓரிடத்தில் "மனநோய்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனநோய் வேறு, இது வேறு. மனநோய் நன்றாக இருந்த ஒருவருக்கு இருபது வயதிலும் வரலாம், நாற்பதிலும் வரலாம், மருந்தில் குறையலாம். அறிவுசார் குறைபாடு என்பது வளரும் பருவத்திலேயே தொடங்குவது: கற்றுக்கொள்வது, காசு எண்ணுவது, ஆபத்தை உணர்வது, பேச்சைப் புரிந்துகொள்வது எல்லாம் வயதுக்கு ஏற்றபடி வளராமல் இருப்பது. அது ஒரு நோய் இல்லை, எனவே "எப்போ சரியாகும்" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள், மெதுவாக. சட்டை பொத்தான் போட ஒரு பிள்ளைக்கு நான் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போட்டுக்கொண்ட அன்றைக்கு அவன் எங்களுக்கெல்லாம் அதை அவிழ்த்து அவிழ்த்துத் திரும்பப் போட்டுக் காட்டினான், மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும்.

சரி, வேதத்துக்கு வருவோம். நீங்கள் எதிர்பார்த்த வசனம் யோவான் 9 தான். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்கிற முதல் கேள்வி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்பது. இரண்டாயிரம் வருடமாகியும் அந்தக் கேள்வி நம் ஊரில் அப்படியே இருக்கிறது, கேட்கிற விதம்தான் மாறியிருக்கிறது. "சொந்தத்துல கட்டுனீங்களா?" "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்தியா?" "உங்க குடும்பத்துல யாரோ செஞ்சது." இயேசு இரண்டையும் மறுக்கிறார்: இவன் செய்த பாவமும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை. அதற்கு அடுத்து வருகிற பகுதியை, அதாவது தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு என்பதை, நம் ஆட்கள் பிடித்துக்கொண்டு அந்தத் தாயிடம் "கர்த்தர் உன்னைத் தெரிஞ்செடுத்து இந்தப் பிள்ளையைக் குடுத்திருக்கார்" என்று ஆறுதல் சொல்லப் போவார்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு மலம் பூசிய சுவரைக் கழுவிக்கொண்டிருப்பவளுக்கு அந்த வாக்கியம் ஆறுதலாக இராது. அவளே ஒருநாள் சாட்சியாகச் சொன்னால் ஆமென் சொல்லுங்கள், நீங்களாகப் போய் அவள் மேல் வைக்காதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் சில பரம்பரைக் கோளாறுகளுக்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காரணங்கள் பல. பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறல், பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், தாய்க்கு அயோடின் பற்றாக்குறை, 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக வருகிற டவுன் சிண்ட்ரோம் என்று போகும். எத்தனையோ பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாமல் போகிறது. அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோர். கோயில் வாசலில் விசாரிக்க நமக்கு உரிமையில்லை.

அடுத்தது ஜெபம். இதில் கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன். மாற்கு 9இல் ஒரு தகப்பன் ஊமையான ஆவி பிடித்த தன் மகனைக் கொண்டுவருகிறான். அவன் விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளிலும் பிசாசைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று சொல்லி, வலிப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவைத்தார்கள். நான்காவது நாள் வலிப்பு விடாமல் வந்து, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு வலிப்பும் சேர்ந்தே இருக்கும், அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் அந்தப் பையனை மேடைக்கு ஏற்றி, தலையை அமுக்கி, சத்தம் போட்டு ஜெபிப்பதற்கு முன்னால் யோசியுங்கள்: சத்தம் தாங்காமல்தானே அவன் ஆராதனையிலேயே கத்துகிறான்?

அந்தத் தகப்பன் பக்கம் ஒரு நிமிடம் நில்லுங்கள், அங்கே நாம் அவசரமாகக் கடந்துபோகிற ஒன்று இருக்கிறது. இயேசு அவனிடம் முதலில் கேட்பது, இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்பதுதான். அவன் சிறுவயது முதற்கொண்டு என்று ஆரம்பித்து, தீயிலும் தண்ணீரிலும் விழுந்த கதையெல்லாம் சொல்கிறான். சுற்றி ஜனங்கள் ஓடிக் கூடுகிறார்கள், வேதபாரகர் தர்க்கம் செய்துகொண்டிருந்த இடம் அது, இருந்தும் ஒரு தகப்பனின் கதை கேட்கப்படுகிறது. நம் சபைகளில் இந்தப் பெற்றோரிடம் யாராவது முழுக் கதையையும் கேட்டிருக்கிறார்களா?

இன்னொரு பகுதி சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்தின் கதை, 2 சாமுவேல் 9. அவனுக்குக் கால்தான் முடம், அறிவில் குறையில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்ததால் வந்தது, யாருடைய பாவமும் இல்லை. லோதேபார் என்ற ஊரில் ஒதுங்கிக் கிடந்தவனைத் தாவீது ராஜா ஆளனுப்பிக் கூட்டிவருகிறார். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். அவன் எந்நாளும் ராஜாவின் பந்தியில் அசனம்பண்ணினான் என்றும், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடிகிறது. கால் குணமாகவில்லை. குணமாகாமலேயே பந்தியில் அவனுக்கு ஒரு இடம். எங்கள் பக்கத்தில் கோயில் பிரதிஷ்டை நாளில் அசனப் பண்டிகை நடக்கும், ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அசனம் என்ற வார்த்தையை வேதத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய சட்டியும் சாம்பார் வாசனையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பந்தியில்கூட இந்தக் குடும்பங்கள் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. உட்காரும்படியும் யாரும் சொல்லவில்லை.

கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்தில் எப்போதும் நல்லவர்களாகவே இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர், ஜெர்மனியின் டெசா ஊரில் பார்த்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பற்றி, அதில் ஆத்துமா இல்லை, வெறும் மாம்சப் பிண்டம், ஆற்றில் போட்டுவிடலாம் என்கிற மாதிரிப் பேசியதாக, அவரோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் இருக்கிறது. அவர் சொன்னபடியே எழுதினார்களா என்று அறிஞர்கள் வாதாடலாம். நம் சபை வரலாற்றில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பெல்ஜியத்தில் கீல் என்று ஒரு ஊர். புனித டிம்ப்னாவின் கல்லறை இருக்கும் இடம் என்று நம்பி, மத்திய காலத்திலிருந்தே மனம் கலங்கியவர்களையும் அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் அங்கே கொண்டுவந்தார்கள். கோயிலில் இடம் போதாமல் போனபோது ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. 1930களின் கடைசியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர் வீடுகளில் இருந்தார்கள், இன்றைக்கு எண்ணிக்கை குறைந்தாலும் வழக்கம் நிற்கவில்லை. அங்கே அவர்களை நோயாளி என்று சொல்வதில்லை, வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவர் என்றுதான் பெயர். குணமாகத்தான் கூட்டிவந்தார்கள், குணமாகவில்லை. ஆனால் ஆடு, மாடு, வயல், சாப்பாட்டு மேசை என்று ஒரு வாழ்க்கை கிடைத்தது.

நம் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நம்பிக்கை நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெற்றோரும் பிள்ளையோடு தங்கி, எப்படிப் பழக்குவது என்று கற்றுக்கொண்டு போவார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வா என்று சொல்லாத இடம், அது எனக்குப் பிடித்த விஷயம்.

ஹென்றி நூவன் பெயர் உங்கள் ஆயருக்குத் தெரிந்திருக்கும். டச்சுக்காரக் கத்தோலிக்கக் குரு, யேலிலும் ஹார்வர்டிலும் பாடம் சொன்னவர். 1986இல் அதையெல்லாம் விட்டுவிட்டு டொரான்டோ பக்கத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு மற்றவர்களும் சேர்ந்து வாழும் 'டேபிரேக்' என்ற இல்லத்துக்குப் போனார். அங்கே ஆடம் என்ற இளைஞர், பேச முடியாதவர், தானாக நடக்க முடியாதவர், வலிப்பும் உண்டு. அவரைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட உட்கார வைப்பது நூவனின் வேலை, அதற்கே இரண்டு மணி நேரம் போலாகும். பெரிய பேராசிரியருக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது, தப்பாகச் செய்துவிடுவோமோ என்று. பிறகு அந்த இரண்டு மணி நேரம்தான் அவருக்கு நாளின் அமைதியான நேரமாகிவிட்டது. ஆடம் தனக்குக் கொடுத்தது, தான் அவருக்குக் கொடுத்ததைவிட அதிகம் என்று அவர் சொன்னபோது சிலர் மிகை என்றார்கள். எனக்கு மிகையாகப் படவில்லை, ஆனால் ஒரு திருத்தம் சொல்வேன்: நூவன் அங்கே தனி ஆளாக இல்லை, கூட ஒரு குழு இருந்தது, சோர்ந்தால் விடுப்பு எடுக்கலாம். உங்கள் சபையில் இருக்கும் அந்த அம்மா பதினேழு வருடமாக அந்த இரண்டு மணி நேர வேலையை விடுப்பே இல்லாமல் செய்கிறாள்.

அந்த இல்லங்களைப் பற்றிப் பேசினால் கசப்பான பாதியையும் சொல்லியாக வேண்டும். டேபிரேக் இல்லம் சேர்ந்திருக்கும் 'லார்ஷ்' என்ற அமைப்பை 1964இல் பிரான்சின் ட்ரோலி கிராமத்தில் அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் இரண்டு பேரை வீட்டில் சேர்த்துக்கொண்டு தொடங்கியவர் ஜான் வானியே. இந்தியாவில் 1970 முதல் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அதன் வீடுகள் இருக்கின்றன. 2019இல் அவர் இறந்தபோது உயிரோடிருக்கும் புனிதர் போய்விட்டார் என்று எழுதினார்கள். அடுத்த வருடமே அந்த அமைப்பே நியமித்த விசாரணையில், ஆன்மிக வழிகாட்டி என்ற போர்வையில் அவர் ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டது வெளிவந்தது. 2023 அறிக்கையில் அந்த எண்ணிக்கை இருபத்தைந்து. அவர்கள் யாரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இல்லை, ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய அடி. அதை மூடாமல் தாங்களே வெளியிட்டார்களே என்பதில் மட்டும் மரியாதை உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேவை செய்கிறவர் என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால் யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. சொல்லத் தெரியாத பிள்ளைகளோடு வேலை செய்யும்போது, எவ்வளவு நல்லவராயிருந்தாலும், தனியாக ஒருவர் மூடிய அறையில் இருக்கக் கூடாது. இரண்டு பேர், திறந்த கதவு. உங்கள் சபையில் ஏதாவது தொடங்கினால் முதல் விதியாக இதை எழுதிவையுங்கள்.

இப்போது ஆராதனை. அவன் ஏன் கத்துகிறான் என்று யாராவது கவனித்தீர்களா? பெரும்பாலும் காரணம் இருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், கீபோர்டும் டிரம்மும் ஒன்றாக ஆரம்பிக்கும்போது தாங்காது. அல்லது பிரசங்கம் நாற்பது நிமிடம், எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியாது. அல்லது பசி. பக்கவாட்டுக் கதவுக்கு அருகில், மின்விசிறிக்குக் கீழே, ஸ்பீக்கருக்குத் தூரமாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே வரலாம், அது தப்பில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவனோடு நடக்க அம்மாவே எழுந்து போகக் கூடாது, உங்கள் வாலிபர் ஒருவர் போகட்டும். ஆராதனை முறையைப் படமாக ஒரு அட்டையில் வரைந்து கொடுத்தால் (பாட்டு, ஜெபம், வாசிப்பு, காணிக்கை, வீட்டுக்குப் போவது) பல பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஆயர் ஒருமுறை மேடையிலிருந்து, "அவன் சத்தம் நமக்கு இடைஞ்சல் இல்லை" என்று சொல்லிவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கும். சின்னப் பிள்ளைகள் அழும்போது நாம் பொறுத்துக்கொள்கிறோமே.

அதைவிட முக்கியம், அவனுக்கு ஒரு வேலை. எங்கள் சபையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையன் மணி அடிப்பான். கோயில்குட்டி (கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) முதலில் கயிற்றை விடவே மாட்டேன் என்றார், மூன்று மாதம் கூடவே நின்று பழக்கினார். இரண்டாம் மணி சில நாள் மூன்று நிமிடம் முந்தும், ஒருநாள் நிறுத்தவே மாட்டேன் என்று விட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல், வேறு யாரோ அடித்தார்கள். அன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் "எங்கடா அவன், மணி வேற மாதிரி இருந்துச்சே" என்று கேட்டார்கள் தெரியுமா? அவன் அம்மா மறுநாள் அதைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்து அழுதாள். அவன் வரவில்லை என்பதை வீட்டுக்கு வெளியே யாரோ கவனித்தது அதுதான் முதல் தடவையாம். சரீரத்தில் பலவீனமாகக் காணப்படும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்கு எனக்குத் தெரிந்த விளக்கவுரை அந்த மணிதான்.

திருவிருந்து கொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். திருவிருந்துக்குமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் சொல்ல முடியாதவனுக்கு எப்படி என்பார்கள். கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கே கொடுக்கிறார்கள். கத்தோலிக்கத்தில் போப் பத்தாம் பயஸ் 1910இல், இந்த அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் பிள்ளைகளுக்குப் போதும் என்று வழியைத் திறந்தார். நம் சபையில் ஆயரும் பேராயரும் முடிவுசெய்ய வேண்டியது. என் கருத்தைக் கேட்டால், நம்மில் எத்தனை பேருக்கு அது முழுசாகப் புரிந்து கை நீட்டுகிறோம்?

பெற்றோருக்கு என்ன தேவை என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "எங்களுக்குப் பிறகு யாரு?" அதற்கு ஜெபத்தோடு காகித வேலையும் உண்டு, அதில் உங்கள் வாலிபர் சங்கம் உண்மையாகவே உதவலாம். அந்தப் பையனுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. பதினெட்டு முடிந்தால் சட்டப்படி அவன் வயதுவந்தவன், பெற்றோர் என்பதாலேயே பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா, அரசின் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்று பாருங்கள். அப்பா அரசு ஊழியர் என்றால் அவருக்குப் பின் மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க இப்போதே பெயரைப் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அந்த அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று தடவை அலைவதற்குப் பதில், உங்களில் பைக் வைத்திருக்கிற ஒருவர் கூடப் போனால் போதும். அவனுக்குத் தங்கை இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளை மறக்காதீர்கள். எல்லோரும் அவளிடம் அண்ணனைப் பற்றியே கேட்பார்கள், "நாளைக்கு நீதானே பாத்துக்கணும்" என்று பத்து வயதிலேயே சொல்லிவைப்பார்கள். அவள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேளுங்கள்.

கடைசியாக, அந்த அம்மாவிடம் என்ன பேசுவது. பத்துப் பேர் கூட்டமாகப் பழத்தோடு போகாதீர்கள், வீடு ஒதுக்கவே அவளுக்கு அரை நாள் ஆகும். நீங்களும் உங்கள் அக்காவோ அம்மாவோ, இரண்டு பேர் போங்கள். முதலில் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவனிடம் பேசுங்கள், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு அவர்களிடம் பேசியது தப்பு, சபை சார்பாக மன்னிப்புக் கேட்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், "அவர் அப்படி நினைச்சுச் சொல்லல" என்று இழுக்க வேண்டாம். கோயிலுக்கு எப்ப வர்றீங்க என்று அன்றைக்கே கேட்காதீர்கள். அவள் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள், நேரம் ஆகும். பிறகு, "சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வந்து அவன்கூட இருக்கோம், நீங்க வெளிய போய்ட்டு வாங்க" என்று கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வாள், நம்ப மாட்டாள். அடுத்த சனிக்கிழமையும் போங்கள். முதல் மூன்று நான்கு வாரம் அவள் வீட்டிலேயே இருக்கும்போது அவனோடு பழகுங்கள்: என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரம் அவள் போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவாள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பாள். பார்க்கட்டும்.